பிழையாக எழுதப்பட்ட ஊர்

ஒரு மனிதர் இறந்து இருநூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. அவருக்குப் பெயர் பொறித்த கல்லறை இல்லை, உருவப்படம் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவராதலால் அவர் எழுதிய கடிதம் ஒன்றும் இல்லை. அவர் இவ்வுலகில் வாழ்ந்தார் என்பதற்கு எஞ்சியிருக்கும் ஒரே சான்று, ஒரு பழைய பதிவேட்டின் ஒற்றை வரி. அந்த ஒரு வரியிலும் அவருடைய ஊரின் பெயர் பிழையாக எழுதப்பட்டிருக்கிறது.

இப்போது நம் முன் ஒரு கேள்வி எழுகின்றது. அந்தப் பிழையை நாம் என்ன செய்வது? திருத்தி எழுதுவதா? அப்படியே விட்டு வைப்பதா? திருத்தினால் அம்மனிதருக்கு நன்மை செய்தவர்கள் ஆவோமா, அல்லது அவரிடம் எஞ்சியிருந்த கடைசிப் பொருளையும் பறித்துக் கொண்டவர்கள் ஆவோமா?

இது வெறும் எழுத்திலக்கணப் பிரச்சினை போலத் தோன்றலாம். சற்று உள்ளே சென்று பார்த்தால், உண்மை என்பது யாது, அதனைச் சொல்லும் உரிமை யாருக்குண்டு என்னும் பெரிய கேள்விகள் இந்தச் சிறிய கேள்விக்குள் அடங்கியிருப்பதைக் காண்போம். இக்கேள்வியை நாள்தோறும் சந்திக்கின்ற ஒரு கூட்டத்தார் இருக்கிறார்கள். ஸ்காட்லாந்திலிருந்து கடல் கடந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்களே அவர்கள். 1773ஆம் ஆண்டு 'ஹெக்டர்' என்னும் கப்பலில் ஏறத்தாழ 200 பேர் கனடாவின் நோவா ஸ்கோஷியாவிற்குச் சென்று இறங்கினர். அவர்களைப் போலவும், அவர்களுக்குப் பின்னரும், ஆயிரமாயிரம் பேர் அமெரிக்காவிற்கும் ஆஸ்திரேலியாவிற்கும் நியூஸிலாந்திற்கும் சென்றார்கள். அவர்களுடைய பேரர்களின் பேரர்கள் இன்று, "எங்கள் பாட்டனார் எந்த ஊரிலிருந்து புறப்பட்டார்?" என்று தேடுகிறார்கள். தேடல் அவர்களைக் கொண்டு சேர்க்கும் இடம் ஸ்காட்லாந்தின் பழைய தேவாலயப் பதிவேடுகள்.

பதிவேடுகளின் கதை

ஒரு தேவாலயத்தையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் சேர்த்து ஒரு வட்டமாக வகுத்து, அதனைப் 'பாரிஷ்' என்று அழைத்தனர். நம்மவர் மஹல்லா என்று சொல்வதற்கு ஓரளவு நெருங்கியது அது. ஸ்காட்லாந்தில் இத்தகைய வட்டங்கள் ஏறத்தாழ 900 இருந்தன. குழந்தைகளின் ஞானஸ்நானம், திருமண அறிவிப்பு, அடக்கம் ஆகியவற்றை அந்தந்த வட்டத்தின் சபை எழுத்தர் ஏட்டில் குறித்து வைத்தார். நமக்குக் கிடைப்பவற்றுள் மிகப் பழையது பெர்த்ஷயரில் உள்ள எரல் என்னும் ஊரின் பதிவேடு. அது 1553ஆம் ஆண்டில் தொடங்குகிறது. 1855ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அரசாங்கப் பிறப்பு இறப்புப் பதிவு நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய முந்நூறு ஆண்டு மக்களின் வரலாறு பெரும்பாலும் இந்த ஏடுகளையே நம்பி நிற்கிறது. இன்று அவ்வேடுகள் தலைநகர் எடின்பரோவில் தேசிய ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் உள்ளன.

அந்த எழுத்தர் யார்? பெரும்பாலும் அவ்வூர்ப் பள்ளி ஆசிரியரே. வட்டந்தோறும் ஒரு பள்ளியும் ஓர் ஆசிரியரும் இருக்கவேண்டும் என்று 1696ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. குறைந்த ஊதியத்தில் வாழ்ந்த அவ்வாசிரியர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி முடித்த பின் இந்த ஏட்டையும் எழுதினார். சிலர் செவ்வனே எழுதினர். சிலர் துண்டுத் தாள்களில் குறித்து வைத்துப் பின்னர் நினைவிலிருந்து நிரப்பினர்.

இந்த ஏடுகளில் ஊர்ப்பெயருக்குத் தனி மதிப்பு உண்டு. ஒரே வட்டத்தில் ஜான் மக்டொனால்டு என்ற பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். அவர்களுள் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டுவது அவர் உழுத பண்ணையின் பெயர் அல்லது அவர் குடியிருந்த சிற்றூரின் பெயர். நல்வாய்ப்பாக, தாயின் பிறந்தகத்துக் குடும்பப் பெயரையும் குறிக்கும் வழக்கம் அந்நாட்டில் பரவலாக இருந்தது. எனினும் குடும்பத்தை மண்ணோடு பிணைப்பது ஊர்ப்பெயரே. அது பிழைத்துப் போனால் மனிதரே கைநழுவிப் போகிறார்.

செவியும் எழுதுகோலும்

பிழை எவ்வாறு நேர்ந்தது? ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். குடியானவர் ஒருவர் பிறந்த குழந்தையோடு வருகிறார். எழுத்தர் கேட்கிறார்: "எந்த ஊர்?" குடியானவர் வாயால் சொல்கிறார். எழுத்தர் காதால் வாங்குகிறார்; கையால் எழுதுகிறார். எழுதியதைப் படித்துப் பார்த்து, "ஐயா, இது எங்கள் ஊரல்ல" என்று சொல்லும் கல்வி குடியானவருக்கு இல்லை. எழுதுபவர் மீது நம்பிக்கை வைத்து அவர் வீடு திரும்புகிறார். ஒரு வகையில் அது அமானிதம். தன் பெயரையும் ஊரையும் ஒரு மனிதர் இன்னொருவர் கையில் ஒப்படைத்துச் செல்கின்ற அமானிதம்!

ஸ்காட்லாந்து ஊர்களின் பெயர்களோ எழுத்து ஒன்றும் உச்சரிப்பு ஒன்றுமாக இருப்பவை. ஏட்டில் ஸ்ட்ராத்ஹேவன் என்று எழுதப்படும் ஊரை மக்கள் ஸ்ட்ரேவன் என்பர். மில்ன்கேவி என்று எழுதிவிட்டு மல்கை என்று சொல்வர். கில்கான்குஹர் என்பது வாயில் கின்னக்கர் ஆகிவிடும். கிர்க்கட்பிரைட் என்பது கர்கூப்ரி. கனடாவில் ஒரு குடும்பத்தின் பழைய புத்தகத்தில், "பாட்டனார் ஊர் ஸ்ட்ரேவன்" என்று ஒலிப்படி எழுதியிருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். பேரன் நிலப்படத்தை விரித்துத் தேடினால் அப்படியோர் ஊர் காணக் கிடைக்காது. சரியான எழுத்தைக் கண்டுபிடித்த பின்னரும், அந்தப் பெயரில் பதிவேட்டைத் தேடினால் கிடைக்காது. ஏனெனில் அவ்வூர் அடங்கிய வட்டத்தின் பெயர் ஏவன்டேல்!

இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய ஸ்காட்டிஷ் எழுத்தில் 'யோக்' என்றோர் எழுத்து இருந்தது. ஏறத்தாழ யகரத்தின் ஒலியைக் குறித்த அவ்வெழுத்தின் வடிவம் ஆங்கில 'இசட்' எழுத்தை ஒத்திருந்தது. அச்சகத்தார் அதற்குப் பதிலாக 'இசட்' எழுத்தையே கோத்தனர். அதனால்தான் கல்சீன் என்று படிக்கத் தோன்றும் கோட்டையின் பெயரைக் கலேன் என்று உச்சரிக்கிறார்கள். ஓர் எழுத்தர் மரபுப்படி 'இசட்' இட்டு எழுதுவார். காதை நம்பிய மற்றோர் எழுத்தர் யகரமிட்டு எழுதுவார். இரண்டும் ஓர் இடந்தான் என்பதை அறியாதவர் இரு வேறு ஊர்கள் என்றே முடிவு செய்வார்.

வடக்கு மலைநாட்டில் இடர் இன்னும் பெரிது. அங்கு மக்கள் பேசியது கேலிக் மொழி. ஏடு எழுதப்பட்டதோ ஆங்கிலத்தில். கேலிக்கில் 'அஹக்' என்பது போல ஒலிக்கும் ஒரு சொல்லுக்கு வயல் என்று பொருள். ஆங்கில எழுத்தில் அது ஆக், ஆக்கின், ஆக்கென் என்று பல வேடங்கள் பூண்டு ஊர்ப்பெயர்களின் தலையில் அமர்ந்தது. எழுத்தர்கள் மட்டும் இப்படித் தடுமாறவில்லை. ஸ்காட்லாந்தின் பழைய நிலப்படத் தொகுதி 1654ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் டச்சுக்காரர்களால் அச்சிடப்பட்டது. 1747ஆம் ஆண்டு முதல் 1752 வரை இராணுவத்தார் மலைநாட்டை அளந்து படம் வரைந்தபோது, கேலிக் அறியாத அளவையாளர்கள் செவி கேட்டதை எழுதிச் சென்றனர். ஆகவே, படத்தைக் கொண்டு ஏட்டைத் திருத்தலாம் என்றால் படமும் அதே நோயால் வருந்துகிறது.

பிழை என்பது எது?

இங்கு நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். பிழை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அதற்கு முன்பே சரி என்று ஒன்று இருக்க வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் ஒரு சிற்றூரின் பெயருக்குச் 'சரியான' எழுத்து எங்கே இருந்தது? எங்கும் இல்லை. அப்பெயர் மக்களின் நாவில் இருந்தது, அவ்வளவே. அதனை முதன்முதலில் தாளில் இறக்கிய எழுத்தர் எந்த விதியையும் மீறவில்லை. மீறுவதற்கு விதியே இல்லை. ஆகவே அவர் எழுதியதைப் பிழை என்று நாம் சொல்லும்போது, பின்னால் வந்த ஓர் அளவுகோலை எடுத்து முன்னால் வாழ்ந்தவரை அளக்கிறோம்.

அந்த அளவுகோல் எப்படி வந்தது? 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் 'ஆர்ட்னன்ஸ் சர்வே' எனும் அரசாங்க நில அளவைத் துறையினர் ஸ்காட்லாந்து முழுவதையும் நுணுக்கமாக அளந்து, ஒவ்வொரு பண்ணைக்கும் ஓடைக்கும் குன்றுக்கும் பெயர் எழுதினர். அப்போது அவர்கள் 'பெயர்ப் புத்தகங்கள்' என்று தனி ஏடுகளை வைத்திருந்தனர். ஓர் இடத்தின் பெயர் எத்தனை விதமாக எழுதப்படுகிறது, ஒவ்வொரு விதத்திற்கும் சாட்சி யார் என்று அவற்றில் பத்தி பத்தியாகக் குறித்தனர். போற்றத்தக்க உழைப்பு! ஆனால் சாட்சிகளாக அழைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் யார் என்று பார்த்தால், நிலவுடைமையாளர், அவர்தம் காரியஸ்தர், மதகுரு, பள்ளி ஆசிரியர். இவ்வழக்கம் 1905ஆம் ஆண்டில் அத்துறை தன் ஊழியர்களுக்கு வழங்கிய அறிவுரையில் ஒளிவு மறைவின்றி வெளிப்பட்டது. ஒரு பண்ணையின் பெயருக்கு அதன் உடைமையாளரே சிறந்த சாட்சி என்றும், சிறு குடியானவரையும் குடிசைவாசியையும் அவர்கள் குடியிருக்கும் இடத்தின் பெயருக்குக்கூட, அதிலும் குறிப்பாக எழுத்துக்கு, நம்பலாகாது என்றும் அது கூறிற்று.

எண்ணிப் பாருங்கள்! ஒரு மனிதர் பிறந்து, உழுது, பிள்ளை பெற்று, மடிந்த ஊர் அது. அந்த ஊரின் பெயரைச் சொல்லும் தகுதி அவருக்கு இல்லையாம். எடின்பரோவிலோ இலண்டனிலோ குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வரும் உடைமையாளருக்கு உண்டாம். எழுத்தறிவில்லாதவரிடம் எழுத்தைக் கேட்டுப் பயனில்லை என்பதில் நியாயம் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் எழுத்தைக் கேட்காமல் விட்டது ஒன்று; அவருடைய சொல்லையே கேட்காமல் விட்டது வேறொன்று.

இந்த வெளிச்சத்தில் பழைய தேவாலயப் பதிவேட்டைத் திரும்பப் பாருங்கள். அந்த ஏழை ஆசிரியரிடம் பெயர்ப் புத்தகம் இல்லை. சாட்சிப் பட்டியல் இல்லை. எதிரே நிற்பவரின் வாயைத் தவிர அவருக்கு வேறு ஆதாரம் இல்லை. ஆகவே அந்தக் குடியானவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினார். நிலப்படத்தில் உள்ள சரியான எழுத்து உடைமையாளரின் சொல்லாக இருக்க, ஏட்டில் உள்ள 'பிழையான' எழுத்தே அந்த எளிய மனிதரின் குரலாக இருக்கிறது. அவர் பேசியது எப்படி ஒலித்தது என்பதற்கு இவ்வுலகில் எஞ்சியுள்ள ஒரே தடயம் அதுவே. அதனை நாம் திருத்தினால் எழுத்துத் துலங்கும். மனிதர் மௌனமாகி விடுவார்.

இதனை நமக்கு நெருங்கிய ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இலங்கையில் தேயிலைப் பயிரை வாணிக அளவில் முதன்முதல் வளர்த்த ஜேம்ஸ் டெய்லர், ஸ்காட்லாந்தில் ஆக்கென்பிளே என்னும் ஊருக்கு அருகில் பிறந்தவர். ஆக்கின்பிளே என்றும் எழுதுவர். 1852ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து, 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். அவரைப் போன்ற ஸ்காட்லாந்துத் துரைமார் மலையகத் தோட்டங்களுக்குத் தம் நாட்டு ஊர்ப்பெயர்களையே சூட்டினர். டன்சினேன், பால்மோரல், ஸ்ட்ராத்ஸ்பே ஆகியன இன்றும் அங்கு உள்ளன. தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர்கள் அப்பெயர்களைத் தங்கள் நாவுக்கு இசைந்தவாறு சொன்னார்கள். அவர்கள் சொல்வது பிழை என்று துரைமார் நகைத்திருக்கலாம். ஆனால் அந்தத் துரைமாரின் பாட்டன்மார் சொன்ன ஊர்ப்பெயரும், ஒரு காலத்தில் இன்னொருவரின் காதுக்குப் பிழையாகத்தான் ஒலித்தது! பேனா யார் கையில் இருக்கிறதோ, அவர் செவிக்கு ஒவ்வாதது பிழை ஆகிவிடுகிறது.

பிழையும் பொய்யும்

அப்படியானால் ஏட்டில் எழுதியதெல்லாம் உண்மையா என்று கேட்கலாம். இல்லை. பிழை வேறு, பொய் வேறு. 1603ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து மன்னர் மக்கிரெகர் என்னும் குலப்பெயரையே தடை செய்தார். அப்பெயரைச் சூடுவோருக்கு மரண தண்டனை என்று ஆணை பிறந்தது. 1661இல் நீங்கிய தடை 1693இல் மீண்டும் வந்தது; 1774ஆம் ஆண்டில்தான் முற்றிலும் ஒழிந்தது. இடைப்பட்ட காலத்தில் அக்குலத்தார் வேறு பெயர்களுக்குள் ஒளிந்து வாழ்ந்தனர். புகழ்பெற்ற ராப் ராய்கூடத் தாயின் குடும்பப் பெயரான காம்ப்பெல் என்பதை மேற்கொள்ள நேர்ந்தது. அந்த நாட்களின் ஏடுகளில் அவர்களுடைய பெயர்கள் எழுத்துப் பிழையின்றி அழகாகவே எழுதப்பட்டிருக்கலாம். ஆயினும் அவை உண்மையல்ல; அச்சத்தால் எழுதப்பட்டவை. ஆக, எழுத்துச் சரியாக இருந்தும் பொய்யாகலாம். எழுத்துப் பிழையாக இருந்தும் உண்மையாகலாம். ஓர் ஏட்டின் வாய்மையை எழுத்துக் கூட்டலில் தேடுவோர் ஏமாந்து போவர். சொன்னவர் அச்சமின்றிச் சொன்னாரா, எழுதியவர் கேட்டதையே எழுதினாரா என்பதில்தான் அதன் வாய்மை இருக்கிறது.

தேடுவோரின் கடமை

தேடி வருபவருக்கும் கடமைகள் உண்டு. அவற்றுள் முதலாவது, இருப்பதை இருந்தபடி படியெடுத்தல். நேர்மையான ஆவணக் காப்பாளர்கள் பழைய ஏட்டிலிருந்து படியெடுக்கும்போது பிழையையும் பிழையாகவே எழுதுவர். இன்ன ஊராக இருக்கலாம் என்னும் தம் கருத்தைப் பக்கத்தில் தனியே குறிப்பர். ஊகத்தை உண்மையின் இடத்தில் அமர்த்த மாட்டார்கள். பின்னால் வருபவர் நம்மைவிட நன்கறிந்தவராக இருக்கலாம். அவருக்கு மூலத்தைப் பத்திரமாகக் கொடுத்துச் செல்வதே நம் வேலை.

இரண்டாவது கடமை அதைவிடக் கடினமானது. அது ஆசையை அடக்குதல். டால்ரை என்ற பெயரில் ஸ்காட்லாந்தில் ஓர் ஊர் மட்டும் இல்லை. ஏர்ஷயரில் ஒன்று, கிர்க்கட்பிரைட் பகுதியில் ஒன்று. கில்பிரைடு பல. மில்டன், கிர்க்டன் என்று வழங்கும் சிற்றூர்களை எண்ணி முடியாது. பெயர் ஒத்திருக்கிறது, ஆண்டு ஏறக்குறைய ஒத்திருக்கிறது என்று சொல்லி, கிடைத்த ஒருவரைப் பாட்டனாராக ஏற்றுக்கொண்டு விடுவது எளிது. அதிலும் அவர் சற்று வசதி படைத்தவராகவோ தலைவரின் உறவினராகவோ இருந்துவிட்டால், பொருத்தம் தானாகவே வந்து அமைந்துவிடும்! இங்கே இழைக்கப்படும் அநீதி இரட்டிப்பானது. அயலார் வீட்டு முன்னோரை அபகரிக்கிறோம். நம்முடைய உண்மையான பாட்டனாரை இரண்டாம் முறை மறந்து போகிறோம். 'தெரியவில்லை' என்று எழுதி நிறுத்திக்கொள்வது தோல்வியன்று. அதுவும் இறந்தவர்க்குச் செய்யும் மரியாதையே.

மூன்றாவதாக, ஊரே இல்லாமற் போன இடங்களை மதித்தல். சதர்லந்து மாவட்டத்தில் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் ரோஸல் என்றொரு சிற்றூர் இருந்தது. ஆட்டுப் பண்ணைகளுக்காக 1814க்கும் 1818க்கும் இடையில் அங்கிருந்த குடிகள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். 1962ஆம் ஆண்டு தொல்பொருளாய்வாளர்கள் அங்கு அகழ்ந்தபோது கிடைத்தவை வீட்டுச் சுவர்களின் அடித்தளங்களே. இத்தகைய ஊர்கள் பல. அங்குப் பேசப்பட்ட பெயரை இனித் திருத்திச் சொல்வதற்கு ஆங்கு ஒருவரும் இல்லை. கோணல் எழுத்தாயினும், ஏட்டில் உள்ள அந்தப் பெயரே அவ்வூரின் கடைசி வீடு.

எழுதப்படாதவர்கள்

இறுதியாக ஒன்று. பிழையாக எழுதப்பட்டவரைப் பற்றி இவ்வளவு நேரம் பேசினோம். எழுதப்படாமலே போனவர்கள் எத்தனை பேர்! 1783ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அரசாங்கம் ஏட்டில் பதியும் ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்ஸ் வரி விதித்தது. முற்றிலும் வறியவர்களுக்கு விலக்கு இருந்தது. ஆனால் தன்னைப் 'பரம ஏழை' என்று ஊரறிய எழுதிக்கொள்ள விரும்பாத மானமுள்ள ஏழை என்ன செய்வார்? பதியாமலே இருந்துவிடுவார். அவ்வரி 1794இல் நீங்கிற்று. அந்தப் பதினோர் ஆண்டுகளில் பிறந்து ஏட்டில் ஏறாத குழந்தைகளை இனி எந்தத் தேடலாலும் மீட்க இயலாது. அடக்கப் பதிவுகளோ பல வட்டங்களில் எழுதப்படவே இல்லை.

அவர்களை எண்ணும்போது, பிழையாகவேனும் எழுதப்பட்டவர் பேறு பெற்றவர் என்றே தோன்றுகிறது. யாரோ ஓர் ஏழை ஆசிரியர், மங்கிய வெளிச்சத்தில், தனக்குப் புரியாத ஓர் ஊரின் பெயரை, அதைச் சொன்னவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, தன்னால் இயன்ற மட்டும் எழுதி வைத்தார். இருநூறு ஆண்டுகள் கழித்து, கடலுக்கு அப்பால் பிறந்த ஒருவர் அந்த எழுத்தை உரக்கப் படிக்கிறார். கண்ணால் படித்தபோது புரியாத பெயர், வாய்விட்டுப் படித்தபோது சட்டென்று விளங்குகிறது. தன் பாட்டனார் ஒருமுறை உதிர்த்த ஒலி, தன் நாவிலேயே திரும்ப ஒலிக்கிறது.

நம் வீட்டுப் பெரியவர்கள் ஓர் ஊரின் பெயரைத் தங்கள் வழக்கப்படி சொல்லும்போது, நாம் குறுக்கிட்டு, "அது அப்படியல்ல" என்று திருத்தப் புறப்படுகிறோமே, அதற்கு முன் ஒரு கணம் நிற்போம். அவர்கள் சொல்வதை முதலில் கேட்போம். கேட்டபடியே எழுதியும் வைப்போம். நம் கருத்தைப் பக்கத்தில் எழுதிக்கொள்ள இடம் எப்போதும் இருக்கும்.